வாசல் குழாய் சொட்டுகிறது: வாஷர் போதுமா, புதுக் குழாயா, பிளம்பரா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்று, "வெளியில போடறதுக்கு அரை இன்ச்சு பைப்பு ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். விவரமான கடைக்காரராக இருந்தால் விலை சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பார்: "உப்புத் தண்ணிங்களா, நல்ல தண்ணிங்களா?" பித்தளையா பிளாஸ்டிக்கா, திருகா லீவரா, நாமே மாட்டுவதா ஆள் கூப்பிடுவதா என்று அடுத்தடுத்து வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு பதிலிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி, சுவருக்குள்ளே போகிற பைப் என்ன வகை என்பதில் இருக்கிறது. குழாயின் பளபளப்பும் அட்டைப் பெட்டியில் அச்சடித்த உத்தரவாதமும் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

நல்ல தண்ணி என்றால் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். முறை வைத்து விடுவார்கள். உப்புத் தண்ணி என்றால் வீட்டு போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சேலம் கெட்டிப் பாறை பூமி. பாறை இடுக்கில் தங்கிய தண்ணீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் மேலே வரும். இந்தப் பக்கத்து மேக்னசைட் என்ற மெக்னீசியக் கல் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கல்லின் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிற ஊர் இது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது; வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை ஒத்துக்கொள்கிறது. உங்கள் போர் இதில் எங்கே நிற்கிறது என்று ஓரளவு தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை ஏறி, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போனால் அது உப்புத் தண்ணிதான். பக்கெட்டில் ஏறுகிற அதே வெள்ளை குழாயின் வயிற்றுக்குள்ளும் ஏறும்.

சரி, குழாயையே மாற்றத்தான் வேண்டுமா? முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். வாயில் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. திறக்கும்போது மட்டும் கைப்பிடித் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் அது கிளாண்ட் நட், அதாவது தண்டைச் சுற்றி இறுக்குகிற நட், தளர்ந்த கேஸ். அரைச் சுற்று இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும், நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி டெஃப்லான் டேப்பைக் கயிறு மாதிரி முறுக்கித் தண்டைச் சுற்றி அடைத்துத் திரும்ப இறுக்கலாம். குழாய் சுவரில் சேரும் இடத்தில் ஈரம் ஊறினால் குழாயில் குறை இல்லை, திருகி மாட்டுகிற மரையில்தான் குறை. அதற்குப் புதுக் குழாய் வாங்கினாலும் டேப்பைச் சரியாகச் சுற்றவில்லை என்றால் அதே ஈரம் திரும்ப வரும்.

வாயில் சொட்டும் பழைய திருகு குழாய்க்கு வாஷர் மாற்றுவதுதான் ஆக மலிவான வழி. சில ரூபாய்க்கு ரப்பர் வாஷர் கிடைக்கும். ஸ்பேனரால் தலையைத் திருகி எடுத்தால் தண்டின் நுனியில் அது உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் உப்புத் தண்ணி குடித்த குழாய் என்றால் ரப்பரின் நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். தண்டில் சாம்பல் கலந்த வெள்ளைப் படிவு ஓடு ஓடாக ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் வராது. புளிக்கரைசலிலோ வினிகரிலோ கொஞ்ச நேரம் ஊறப்போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் இளகிக் கொடுக்கும். ஆனால் புது வாஷரைப் போட்டு மூடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். வாஷர் போய் உட்கார்கிற பித்தளை விளிம்பைச் சுண்டுவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புது வாஷர் நன்றாக உழைக்கும். எங்கேயாவது நகம் மாட்டுகிற மாதிரி வெட்டு இருந்தால், நாள் கணக்கில் சொட்டவிட்ட தண்ணீர் அந்த இடத்தை அறுத்துவிட்டது என்று அர்த்தம். அதில் எத்தனை வாஷர் போட்டாலும் ஒரு மாதம் நிற்கும், அப்புறம் சொட்டும். அந்த விளிம்பைச் சமப்படுத்த ஒரு கருவி இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்கிற பொருள் அல்ல அது. அப்போது குழாயை மாற்றிவிடுவதுதான் நியாயம்.

சொட்டுதானே என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் போகிறது. நல்ல தண்ணி வரும் நாளுக்காகக் குடங்களைக் கழுவி வைத்துக் காத்திருக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இனி வாங்குவதற்கு வருவோம். கடையில் உங்கள் முன்னால் வைக்கப்படுவது பெரும்பாலும் மூன்று சாதிதான்: பித்தளையில் குரோமியம் பூசியது, பிடிஎம்டி என்று சொல்லப்படும் கெட்டிப் பிளாஸ்டிக், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நான்காவதாக ஒன்று பித்தளை வேஷத்தில் வரும். ஜிங்க் (துத்தநாகக்) கலவையில் வார்த்து மேலே குரோமியம் பூசிய குழாய். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அது உதவாது. பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, ஜிங்கும் ஒட்டாது. மரை இருக்கும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பூச்சு மெலிதாகவோ இல்லாமலோ இருக்கும். உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை, மங்கிய ஈயச் சாம்பல் தெரிந்தால் ஜிங்க். கையில் எடைபோட்டாலும் ஒரே அளவில் பித்தளை கனமாக இருக்கும். ஜிங்க் குழாய் உப்புத் தண்ணியில் அரித்து, ஒரு நாள் ஸ்பேனர் வைத்துத் திருப்பும்போது மரை சுவருக்குள் நின்று உடம்பு மட்டும் கையோடு வந்துவிடும். அதை வாங்குவதற்கு நேர்மையான பிளாஸ்டிக்கே மேல்.

பிடிஎம்டியைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. "பிளாஸ்டிக் பைப்பா?" என்று முகம் சுளிப்பார்கள். உண்மையில் துருப்பிடிக்காது, உப்பு அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது, விலையும் நல்ல பித்தளைக் குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான். இன்னொரு பெரிய லாபம், திருடு போகாது. தெருவை ஒட்டிய பைப்படியில் பித்தளைக் குழாயை மாட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் குழாய் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எடைக்குப் போட்டால் காசு கிடைக்கிற எதற்கும் அந்தக் கதிதான். பிடிஎம்டியின் எதிரி வெயில். மேற்குப் பார்த்த சுவரில் சித்திரை வெயிலை முழுசாக வாங்குகிற இடத்தில் சில வருடங்களில் நிறம் மங்கும், கைப்பிடி மொறமொறவென்று ஆகும். குழந்தைகள் தொங்குகிற, மாடு உரசுகிற இடத்துக்கும் ஆகாது. வாங்கினால் ஐஎஸ் 9763 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பித்தளைத் திருகு குழாய்க்கு அந்த எண் ஐஎஸ் 781.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைச் சேலத்தில் விற்பது சுலபம். ஊரிலேயே உருக்காலை இருப்பதால் எவர்சில்வர் என்றாலே நமக்கு ஒரு நம்பிக்கை. ஆலையில் வருவது தகடும் சுருளும், குழாய் எங்கிருந்தோ வருகிறது என்பது வேறு விஷயம். 304 தரமாக இருந்தால் வெளிச்சுவருக்குப் பொருத்தமானதுதான், பூச்சு உரிகிற பேச்சே இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற இயங்கு பாகம் மற்ற குழாய்களில் இருக்கிற அதே சரக்குதான். உடம்பு இருபது வருடம் உழைத்தாலும் உள்ளே இருப்பது இரண்டு வருடத்தில் போனால் என்ன பயன்? என்னைக் கேட்டால், உலோகத்தை விட இந்த இயங்கு பாகத்துக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

அதில் மூன்று விதம். பழைய திருகு குழாய்: மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் வாஷர் மேலே எழும்பும். கால் சுற்றுக் குழாய்: உள்ளே இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஓட்டைகள் நேர்கோட்டில் வந்தால் தண்ணீர். மூன்றாவது லீவர் வைத்த பால் (ball) வால்வு வகை: ஓட்டை போட்ட உருண்டை ஒன்று உள்ளே திரும்பும்.

கால் சுற்றுக் குழாய் கைக்குச் சுகம். மாவு பிசைந்த கையோடு முழங்கையால் தட்டி மூடலாம். வீட்டுக்குள்ளே சிங்க்கிலும் வாஷ்பேசினிலும் நான் அதைத்தான் சொல்வேன். வெளியே, அதிலும் போர் தண்ணீரில், அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று மணல். மோட்டார் போட்டதும் முதலில் வருகிற பொடி மணலில் ஒரு துகள் அந்த இரண்டு வில்லைகளுக்கு நடுவே மாட்டினால் கீறல் விழும், கீறல் வழியாகச் சொட்டும். இன்னொன்று படிவு. அடிக்கடி திறக்காத வெளிக்குழாயில் வில்லைகளின் ஓரத்தில் உப்பு இறுகி, கைப்பிடி கடுக்க ஆரம்பிக்கும். பலம் கொடுத்துத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டு நழுவிப்போகும். அப்போது உள்பாகத்தை அப்படியே மாற்ற வேண்டும். அது அந்தந்தக் கம்பெனிக்குத் தனி அளவு, விலையும் சில சமயம் ஒரு சாதாரணக் குழாயின் விலைக்குப் போட்டியாக நிற்கும். திருகு குழாயில் அதே மணல் ரப்பரில் பதிந்து போகும். ரப்பர் விட்டுக்கொடுக்கும், பீங்கான் விட்டுக்கொடுக்காது. வாஷரும் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும்.

பால் வால்வு வகைக்கு ஒரு தனி நன்மை, திறந்தால் தண்ணீர் தடையில்லாமல் கொட்டும். மேல்தொட்டியிலிருந்து வருகிற தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. மாடி வைத்த வீட்டின் தொட்டியே தரைமட்டக் குழாய்க்கு அதிலும் குறைவாகத்தான் அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தத்தில் பீங்கான் வில்லையின் சின்ன ஓட்டை வழியாக ஒரு பக்கெட் நிறைவதற்குள் பொறுமை போய்விடும். செடிக்கு ஓஸ் போட்டுப் பாய்ச்சுகிறவர்கள், வண்டி கழுவுகிறவர்கள் பால் வால்வைப் பரிசீலிக்கலாம். வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து மூட வேண்டும்; இல்லாவிட்டால் உப்புத் தண்ணியில் உருண்டை பிடித்துக்கொள்ளும். இரண்டு வாய் வைத்த டூ வே குழாயும் கேட்கிறார்கள், ஒன்றில் ஓஸ், ஒன்றில் பக்கெட். வசதிதான், ஒழுகுவதற்கும் இரண்டு இடம் என்பதை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள்.

கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் நீளத்தையும் பாருங்கள். ஷார்ட் பாடி, லாங் பாடி என்று இரண்டு உண்டு. சுவரில் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால் பழைய குழாயின் நீளம் இப்போது போதாது. தண்ணீர் குடத்தின் வாயில் விழாமல் கழுத்தில் விழும். வெளிக்குழாய்க்கு லாங் பாடியே நல்லது.

இப்போது சுவருக்குள் இருப்பது. நாமே மாற்றுவதா, பிளம்பரா என்ற முடிவை இதுதான் எடுக்கும்.

வீடு கட்டிப் பதினைந்து இருபது வருடத்துக்குள் என்றால் பெரும்பாலும் யுபிவிசி அல்லது சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப், கடைசியில் பித்தளை மரை வைத்த எல்போ என்ற வளைவு இணைப்பு. பழைய குழாயைக் கழற்றியதும் ஓட்டைக்குள் மஞ்சள் மரை தெரியும். இதில் தாராளமாக நீங்களே இறங்கலாம். ஒரு மணி நேர வேலை, ஒரு ஸ்பேனர், ஒரு உருளை டேப். பிளம்பருக்குக் கொடுக்கும் கூலி குழாயின் விலையைத் தொடுகிற இடத்தில் அவரைக் கூப்பிட நியாயமே இல்லை. வந்து பார்க்கிறேன் என்பவர் வருகிற நாள் வேறு அவருடைய நாள்.

பித்தளை இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் மரை என்றால் இன்னும் செய்யலாம், ஆனால் கை அடக்கமாக. உலோகக் குழாயை அதில் பலமாக முறுக்கினால் எல்போ பிளந்துவிடும். அப்புறம் சுவரை உடைக்க வேண்டும். இந்த இடத்துக்கு பிடிஎம்டி குழாய் பொருத்தம், கையால் முறுக்கிக் கடைசியில் கொஞ்சம் ஸ்பேனர்.

பழைய வீடு, ஜிஐ என்கிற ஜிங்க் பூசிய இரும்புப் பைப் என்றால் நான் பிளம்பரைத்தான் கூப்பிடச் சொல்வேன். அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் இரும்புப் பைப் வைத்த குழாயடிகள் இருக்கின்றன. இரும்பும் பித்தளையும் தண்ணீரில் சேர்ந்தே இருந்தால் அரிப்பு இரும்பைத்தான் தின்னும். குழாய் ஜம்மென்று இருக்கும், அதைத் தாங்கும் நிப்பிள் என்ற சின்ன இணைப்புப் பைப் உள்ளே காகிதமாகியிருக்கும். திருப்பினால் குழாய் வராது, நிப்பிள் முறியும். முறிந்த துண்டைச் சுவருக்குள்ளிருந்து எடுக்க அதற்கான எக்ஸ்ட்ராக்டர் வேண்டும், சமயத்தில் சுவரைக் கொத்தவும் வேண்டும். பிளம்பருக்குக் கொடுக்கிற காசு குழாயை மாட்டுவதற்கு அல்ல, அது முறிந்தால் சமாளிப்பதற்கு. இப்படிப்பட்ட வீட்டில் இன்னொரு நல்ல வழியும் உண்டு. உடம்பைத் தொடாமல் தலையை மட்டும் கழற்றி வாஷரையோ முழுத் தலையையோ மாற்றுவது. சுவரில் இருக்கிற மரையைத் தொந்தரவு செய்யவே வேண்டாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

நீங்களே செய்வதென்று முடிவானால், முதலில் எந்த லைன் என்று பாருங்கள். தொட்டி லைன் என்றால் மாடியில் கேட் வால்வை மூட வேண்டும். வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வு முழுசாக மூடும் என்று நம்பாதீர்கள், மூடிவிட்டுக் கீழே குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். மேட்டூர் லைன் என்றால் வீட்டுக்குள் வால்வே இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் விடாத நாளில் செய்யுங்கள், அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

குழாயை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றும்போது, பைப் சுவருக்கு வெளியே கிளாம்பில் ஓடுவதாக இருந்தால் இன்னொரு ஸ்பேனரால் எல்போவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முறுக்கு முழுவதும் உள்ளே இருக்கும் ஒட்டில் போய் இறங்கும். கழற்றியதும் பழைய டேப்பையும் சணலையும் மரையிலிருந்து துப்புரவாக எடுங்கள். வால்வைக் கொஞ்சம் திறந்து வெறும் பைப்பிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீரை ஓடவிடுங்கள். பழுப்பும் மணலும் பழைய டேப் துணுக்கும் வெளியேறும். கால் சுற்றுக் குழாய் மாட்டப்போகிறவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது.

டேப் சுற்றுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். குழாயின் மரை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகிற திசையில் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்து உருண்டு வெளியே வந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் டேப் மெலிசு; மூன்று சுற்று என்பதெல்லாம் வெளிநாட்டு வீடியோக் கணக்கு. இங்கே பத்துப் பதினைந்து சுற்று, இழுத்துப் பிடித்து, மரையின் பள்ளம் மேலே தெரிகிற மாதிரி. முதல் மரையை வெறுமையாக விட்டால் நேராகப் பிடிக்கும். கையால் போகிற வரை போய், அப்புறம் குரோமியத்தில் கீறல் விழாமல் ஒரு துணியைச் சுற்றி ஸ்பேனரால் முறுக்குங்கள். வாய் நேர் கீழே வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் திருப்பிப் பின்னால் கொண்டுவரக் கூடாது, டேப்பின் பிடி விட்டுப்போகும். கழற்றி, புதிதாகச் சுற்றி, மறுபடி முதலிலிருந்து.

ஏற்காட்டில் வீடோ தோட்டமோ இருப்பவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் மாறும். வெளிநாட்டு வீடியோக்களில் சுவருக்குள் நீளமாகப் போகிற, உறைபனிக்கான குழாயைக் காட்டுவார்கள். மார்கழியில் எவ்வளவு நடுங்கினாலும் ஏற்காட்டுக் குழாயில் தண்ணீர் உறைவதில்லை, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். அங்கே உண்மையான தொல்லை குரங்கு. லீவர் குழாயைத் தட்டிவிட்டுக் குடித்துவிட்டு மூடாமல் போய்விடும், தொட்டி காலி. கால் சுற்றுக் குழாயும் அதற்கு விளையாட்டுத்தான். மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய திருகு குழாய், அதிலும் சின்ன வட்டக் கைப்பிடி வைத்தது, குரங்குக்கு அவ்வளவு சுலபமில்லை. கைப்பிடியைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொள்கிற குழாயும், பூட்டு மாட்டுகிற குழாயும் கிடைக்கின்றன. தோட்டத்து ஓரக் குழாய்க்கு அதுவே நிம்மதி. அடுத்தது அழுத்தம். சரிவில் தொட்டி 30 மீட்டர் மேலே இருந்தால் கீழே 3 பார் வரும். அந்த அழுத்தத்தில் லீவரைப் பட்டென்று மூடினால் பைப் முழுக்க அதிர்ந்து கிளாம்ப் கழன்று வரும். திருகு குழாய் மெதுவாக மூடுவதால் அந்த அடி விழாது. மேலே போகும்போது அரை டஜன் வாஷரும் இரண்டு உருளை டேப்பும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய்ச் சாமானுக்காக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுவது யாருக்கும் பிடிக்காது.

ஆக, என் கையில் விட்டால்: போர் தண்ணீர் வரும் வெளிச்சுவருக்குக் கனமான பித்தளைத் திருகு குழாய், லாங் பாடி, பெரிய பெயர் இல்லாவிட்டாலும் ஐஎஸ்ஐ முத்திரையோடு. தெருப் பக்கம் என்றால் பிடிஎம்டி. மேட்டூர் தண்ணீர் மட்டும் வந்து, காம்பவுண்டுக்குள்ளே இருந்து, தினமும் பயன்படுத்துகிற குழாய் என்றால் கால் சுற்றுக்குப் போகலாம், அதற்கு முன்னால் ஒரு சின்ன வடிகட்டி இருந்தால் இன்னும் நல்லது. பித்தளைக் குழாயில் குடிதண்ணீர் பிடிக்கிறவர்கள் ராத்திரி முழுக்கத் தேங்கிய முதல் சொம்புத் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிடுங்கள்.

கழற்றிய பழைய பித்தளைக் குழாயைக் குப்பையில் போடாதீர்கள். தலைப்பாகம் நன்றாக இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், அதே அளவுக் குழாய் வீட்டில் இன்னொன்று இருந்தால் ஸ்பேராக உதவும். உடம்பைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டால் அடுத்த வருடத்துக்கான வாஷர், டேப் செலவு அதிலேயே வந்துவிடும்.